மார்ச் மாதத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? தேதிகளிலிருந்து ஆள் கணக்கு எடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

மாதந்தோறும் ஆள் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில் எல்லா மாதங்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடின. கடைசி மாதம் மட்டும் செங்குத்தாகக் கீழே விழுந்தது. அந்த மாதம் யாருமே வேலையை விட்டுப் போகவில்லை. மனிதவளப் பிரிவில் அந்த எக்ஸெல் ஷீட்டைத் தயாரித்தவர் இரண்டு நாள் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் அனுப்பினார். கூடவே இன்னொரு சிக்கலையும் சொன்னார். மார்ச் மாத ஆள் எண்ணிக்கை என்று அவர் ஒரு எண் வைத்திருந்தார், கணக்குப் பிரிவு வேறு எண் வைத்திருந்தது, நிர்வாகப் பிரிவிடம் மூன்றாவதாக ஓர் எண் இருந்தது. மூவரும் எடுத்தது ஒரே பட்டியலிலிருந்துதான்.

முதல் சிக்கல் ஃபார்முலாவில் இருந்தது, அரை மணி நேரத்தில் தீர்ந்தது. இரண்டாவது ஃபார்முலாவுக்கு வெளியே இருந்தது. அதைப் புரிந்துகொள்ளத்தான் நேரம் பிடித்தது, இந்த எழுத்தின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

உண்மையான பட்டியலை இங்கே தர முடியாது. அதிலிருந்த சிக்கல்கள் எல்லாம் வரும்படி எட்டு வரிகள் கொண்ட மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறேன். கீழே வரும் எல்லா எண்களும் இந்த எட்டு வரிகளிலிருந்து வருபவை. தாளில் எழுதி விரல்விட்டே சரிபார்க்கலாம். முதலில் ஊழியர் எண், பிறகு சேர்ந்த நாள், பிறகு கடைசிப் பணிநாள்.

101: 10-07-2019, காலி
102: 01-02-2021, 31-03-2024
103: 15-11-2022, 14-02-2024
104: 01-01-2024, காலி
105: 01-03-2024, 20-05-2024
106: 01-04-2024, காலி
103: 06-05-2024, காலி
107: 10-03-2024, 25-03-2024

103 விலகிப் போய் மே மாதம் திரும்பி வந்தவர். 107 பதினாறு நாள் மட்டும் இருந்தவர். 102 மார்ச் மாதத்தின் கடைசி நாளோடு விடைபெற்றவர். கடைசி நெடுவரிசை காலியாக இருந்தால் இன்னும் பணியில் இருக்கிறார் என்று பொருள்.

ஃபார்முலாக்களை ஒலிக்கிறபடி தமிழிலேயே எழுதுகிறேன். ஷீட்டில் அடிக்கும்போது அவற்றின் ஆங்கிலப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். "சேர்ந்த" என்பது இரண்டாவது நெடுவரிசை, "விலகிய" என்பது மூன்றாவது, "நாள்" என்பது எண்ணிக்கை வேண்டிய தேதி இருக்கும் செல்.

விழுந்த கோடு

கவுண்ட்இஃப்ஸ் என்பது கொடுத்த நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வரிகளை எண்ணுவது. முதலில் அவர் எழுதியிருந்தது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் ஃபார்முலா:

=கவுண்ட்இஃப்ஸ்(சேர்ந்த, "<="&நாள், விலகிய, ">="&நாள்)

அந்த நாளிலோ அதற்கு முன்போ சேர்ந்திருக்க வேண்டும், அந்த நாளிலோ அதற்குப் பின்போ விலகியிருக்க வேண்டும். படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. மார்ச் 31க்குப் போட்டால் 2 என்று வருகிறது. 102, 105 ஆகிய இருவர் மட்டும். காலியான செல் எந்தத் தேதியையும்விடப் பெரியதாக எண்ணப்படாது என்பதால், இன்னும் பணியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள்.

இதை அவரும் கண்டுபிடித்துவிட்டார். காலி இடங்களில் எல்லாம் டுடே ஃபார்முலாவைப் போட்டு, இன்றைய தேதியால் நிரப்பினார். பழைய மாதங்கள் எல்லாம் சரியாகிவிட்டன. நடப்பு மாதம்தான் விழுந்தது. ஜூன் 12 அன்று ஷீட்டைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 101, 104, 106, திரும்பி வந்த 103 ஆகிய நால்வரின் விலகிய நாளும் ஜூன் 12 ஆகிவிடும். வரைபடமோ மாதக் கடைசியான ஜூன் 30ஐக் கேட்கிறது. ஜூன் 30 அன்று ஒருவர்கூட இல்லை, எண்ணிக்கை பூஜ்யம். ஜூலை பிறந்ததும் ஜூன் சரியாகிவிடும், ஜூலை விழும். ஒவ்வொரு மாதமும் பள்ளம் ஓர் இடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு நாள் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. முந்தைய மாத அறிக்கையைத் திறந்தால் அந்த மாதம் சரியாகத் தெரிகிறதே!

காலி செல்லுக்குத் தனியாக ஒரு கவுண்ட்இஃப்ஸ் எழுதிக் கூட்டலாம். 31-12-9999 என்ற தேதியால் நிரப்பலாம். எக்ஸெல் ஏற்கும் கடைசித் தேதி அதுதான், சில மென்பொருள்கள் அப்படியே தருகின்றன. ஆள் கணக்குக்கு அது போதும். ஆனால் அதே நெடுவரிசையிலிருந்து சராசரிப் பணிக்காலம் எடுக்கப் போனால் எண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வந்து நிற்கும். வரி வரியாகச் சோதித்துப் பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட் எழுதுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விலகிய நெடுவரிசையே ஒரு ஃபார்முலாவிலிருந்து வந்து, காலி என்று காட்ட வெற்று எழுத்தை ("") திருப்பித் தருகிறதென்றால், எக்ஸெல் எழுத்தை எந்த எண்ணையும்விடப் பெரியது என்றே ஒப்பிடும். "காலியாக இருக்கிறதா" என்பதற்கும் ஆம், "நாளைவிடப் பெரியதா" என்பதற்கும் ஆம். இரண்டையும் கூட்டினால் அந்த ஆள் இரண்டாக எண்ணப்படுவார். கூட்டிய பிறகு ">0" என்று ஒரு சோதனை வைத்தால்தான் ஒன்றாகக் குறையும்.

நான் இவை எதையும் போடவில்லை. போட்டது இது:

=கவுண்ட்இஃப்(சேர்ந்த, "<="&நாள்) - கவுண்ட்இஃப்(விலகிய, "<"&நாள்)

வாசலில் ஒருவர் உட்கார்ந்து உள்ளே போனவர்களை ஒரு பக்கமும் வெளியே வந்தவர்களை இன்னொரு பக்கமும் கோடு போட்டு எண்ணுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனை பேர் என்று தெரிய ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டியதில்லை, கழித்தால் போதும். மார்ச் 31க்குச் சேர்ந்தவர்கள் 6, அதற்கு முன்பே விலகியவர்கள் 103, 107 என 2, மீதி 4. "<" என்ற ஒப்பீடு காலி செல்லை எண்ணாது என்பது இங்கே நமக்குச் சாதகமாகிவிடுகிறது. முதல் ஃபார்முலாவைக் கெடுத்த அதே குணம் இதைக் காப்பாற்றுகிறது. ஜனவரி முதல் ஜூன் வரை மாதக் கடைசிகளுக்கு வரும் விடைகள்: 4, 3, 4, 4, 4, 4. மாதக் கடைசித் தேதியை ஈஓமன்த் தருவதால் அதைக் கையால் அடிக்க வேண்டாம்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. விலகியவர் ஒவ்வொருவரும் முதலில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்த நாள் காலியாகவும் விலகிய நாள் நிரம்பியும் இருந்தால், அந்த வரி இன்னொருவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். விலகிய நாள் சேர்ந்த நாளுக்கு முந்தியதாக இருந்தாலும் இடைப்பட்ட காலத்தில் அதுவே நடக்கும். கவுண்ட்இஃப்ஸ் அப்படிப்பட்ட வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், கழித்தல் முறை எண்ணையே குறைத்துவிடும். ஆகவே ஷீட்டின் மேலே இரண்டு சோதனைச் செல்கள் வைத்தோம். ஒன்று சேர்ந்த நாள் இல்லாத வரிகளை எண்ணும், மற்றொன்று தலைகீழ் தேதிகளை எண்ணும்:

=சம்ப்ராடக்ட்((விலகிய<>"")*(விலகிய<சேர்ந்த))

இரண்டும் பூஜ்யமாக இல்லாவிட்டால் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

போகிற போக்கில் ஒன்று. ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது டாலர் குறியால் வரம்பைப் பூட்டாவிட்டால், ஒவ்வொரு மாதத்துக்கும் பட்டியலின் மேலிருந்து ஒரு வரி கழன்றுகொண்டே போகும். மேல் வரிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் மூத்த ஊழியர்கள். எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறைவதால் அது பிழை என்றே தோன்றாது. பட்டியலை டேபிளாக மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மார்ச்சுக்கு ஐந்து விடைகள்

இனி அந்த மூன்று எண்கள். மனிதவளப் பிரிவு சொன்னது 4, கணக்குப் பிரிவு 5, நிர்வாகப் பிரிவு 3. மூவரில் யாரோ ஒருவர் தவறு செய்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்துத் தேடினேன். மூன்று ஃபார்முலாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவை மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள் என்று தெரிந்தது.

மனிதவளப் பிரிவு கேட்டது, மார்ச் 31 அன்று எத்தனை பேர் என்பதை. 101, 102, 104, 105. நான்கு.

கணக்குப் பிரிவு கேட்டது, மார்ச் மாதத்தில் ஒரு நாளாவது இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை. அத்தனை பேருக்கும் சம்பளம் போட வேண்டும் அல்லவா? 107க்கும் பதினாறு நாள் சம்பளம் உண்டு. இரண்டு காலங்கள் ஒன்றையொன்று தொட வேண்டுமானால், ஒன்றின் தொடக்கம் மற்றதன் முடிவுக்குள் இருக்க வேண்டும், மற்றதன் தொடக்கமும் இதன் முடிவுக்குள் இருக்க வேண்டும். ஃபார்முலாவில் இது ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்ன மாற்றம்தான்:

=கவுண்ட்இஃப்(சேர்ந்த, "<="&மாதக்கடைசி) - கவுண்ட்இஃப்(விலகிய, "<"&மாதமுதல்)

ஆறிலிருந்து ஒன்று போக, ஐந்து.

நிர்வாகப் பிரிவின் 3 எப்படி வந்தது? அவர்கள் ஃபார்முலாவில் "<" இருக்க வேண்டிய இடத்தில் "<=" இருந்தது. மார்ச் 31 அன்று விலகிய 102 அன்றே போய்விட்டதாக எண்ணப்பட்டார். ஆனால் இதையும் தவறு என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் நெடுவரிசையின் தலைப்பு "விடுவிக்கப்பட்ட நாள்". அந்த நாளின் காலையிலிருந்தே அவர் ஊழியர் அல்ல என்று அவர்கள் படித்தார்கள். மனிதவளப் பிரிவின் தலைப்பு "கடைசிப் பணிநாள்". அன்று மாலை வரை அவர் ஊழியர். ஒரே தேதி, இரண்டு பொருள். பல இடங்களில் ஊழியர்கள் மாதக் கடைசியில்தான் விடைபெறுகிறார்கள், ஆள் கணக்கும் மாதக் கடைசியில்தான் எடுக்கப்படுகிறது. ஆகவே ஒரு சமக்குறியால் வரும் இந்த வேறுபாடு எங்கோ ஓரத்தில் ஓரிருவரைத் தொடுவதல்ல. விலகுகிறவர்களில் பெரும்பாலோரைத் தொடலாம்.

இதோடு முடியவில்லை. வெளியேற்ற விகிதம், அதாவது இருந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் விலகினார்கள் என்பது, எடுக்கச் சராசரி ஆள் எண்ணிக்கை வேண்டும். வழக்கமாகச் செய்வது, முந்தைய மாதக் கடைசியையும் இந்த மாதக் கடைசியையும் கூட்டிப் பாதியாக்குவது. (3+4)/2 என்றால் 3.5. ஆனால் நாள்தோறும் எண்ணிச் சராசரி எடுத்தால் வேறு கதை. மார்ச் 1 முதல் 9 வரை நாள் ஒன்றுக்கு 4 பேர், 10 முதல் 25 வரை 5 பேர், 26 முதல் 31 வரை 4 பேர். 36, 80, 24. மொத்தம் 140 ஆள்நாட்கள். 31ஆல் வகுத்தால் 4.52.

மார்ச்சில் ஒரு நாள்கூட அந்த இடத்தில் நான்கு பேருக்குக் குறைவாக இருந்ததில்லை. ஆனாலும் பாதியாக்கும் முறை 3.5 என்கிறது. 105 மார்ச் 1 அன்று சேர்ந்ததால் பிப்ரவரிக் கடைசியில் அவர் இல்லை, அந்த ஒரு நாளின் குறைவு மாதம் முழுவதன் மீதும் படிகிறது. 107ஐ இரண்டு மாதக் கடைசிகளும் பார்க்கவே இல்லை. மார்ச்சுக்குள் விலகிய நாள் கொண்டவர்கள் இருவர். வெளியேற்ற விகிதம் ஒரு கணக்கில் 57 சதவீதம், மற்றொன்றில் 44 சதவீதம். எட்டு வரி மாதிரி என்பதால் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. பெரிய பட்டியலில் இது சுருங்கும், ஆனால் எந்தத் திசையில் பிசகுகிறது என்பது மாறாது. குறுகிய காலம் வந்து போகிறவர்கள் அதிகமாக உள்ள இடத்தில் விகிதம் உண்மையைவிடப் பெரிதாகத்தான் வரும், ஏனென்றால் அவர்கள் விலகியவர் கணக்கில் வருகிறார்கள், சராசரியில் வருவதில்லை.

நாள்தோறும் எண்ண, பக்கத்தில் 31 தேதிகளை வரிசையாக எழுதி அதே கழித்தல் ஃபார்முலாவை இழுத்துச் சராசரி எடுத்தால் போதும். மைக்ரோசாஃப்ட் 365இலும் எக்ஸெல் 2021இலும் தொடர் எண்களைத் தானே உருவாக்கும் சீக்வென்ஸ் இருப்பதால் ஒரே செல்லில் முடிக்கலாம். நான் நீண்ட வழியையே பரிந்துரைத்தேன். 31 எண்களும் கண்ணெதிரே இருந்தால் எந்த நாளில் எண்ணிக்கை மாறியது என்று யாரும் சுட்டிக்காட்டலாம். ஒவ்வொருவரும் மாதத்தில் எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணிக் கூட்ட விரும்புகிறவர்கள், சம்ப்ராடக்ட்டுக்குள் மின், மேக்ஸ் இரண்டையும் போட்டுப் பார்த்து ஏமாந்திருப்பார்கள். அவை வரி வரியாக ஒப்பிடாமல், நெடுவரிசை முழுவதற்கும் ஒரே ஒரு சிறிய எண்ணையோ பெரிய எண்ணையோ தந்துவிடும். அங்கே இஃப் தான் வேண்டும்.

ஆக மார்ச்சுக்கு 3, 3.5, 4, 4.52, 5. ஐந்தும் ஒரே பட்டியலின் விடைகள். இருக்கைகள் ஒதுக்குகிறவருக்கு 4 வேண்டும், சம்பளம் போடுகிறவருக்கு 5 வேண்டும், விகிதம் எடுக்கிறவருக்கு 4.52 வேண்டும். எது சரி என்று ஃபார்முலாவைக் கேட்க முடியாது.

தொடக்கம், வரவு, செலவு, மீதி

கணக்குப் பிரிவைச் சேர்ந்தவர் ஒரு கேள்வி கேட்டார். "பிப்ரவரிக் கடைசியில் 3 என்கிறீர்கள். மார்ச்சில் சேர்ந்தவர்கள் இருவர், விலகியவர்கள் இருவர். அப்படியானால் மார்ச்சுக் கடைசியில் 3தானே வர வேண்டும்? 4 எப்படி?"

இந்த ஒரு கேள்வியால்தான் முழு ஷீட்டும் நேரானது. பணக்கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் தொடக்க இருப்பும் வரவும் செலவும் மீதியும் ஒன்றோடொன்று பொருந்தியே ஆக வேண்டும். ஆள் கணக்கில் அந்த ஒழுங்கை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பொருந்தாததற்குக் காரணம் மறுபடியும் 102தான். மார்ச் 31 மாலை வரை ஊழியர் என்று முடிவு செய்தால், அவர் மார்ச்சின் மீதியில் இருக்கிறார். அப்படியானால் மார்ச்சின் செலவில் அவர் இருக்கக் கூடாது, ஏப்ரலின் செலவில்தான் வர வேண்டும். விலகியவர்களை எண்ணும் சாளரத்தை ஒரு நாள் முன்னே தள்ள வேண்டும்:

=கவுண்ட்இஃப்ஸ்(விலகிய, ">="&முந்தையமாதக்கடைசி, விலகிய, "<"&மாதக்கடைசி)

பிப்ரவரி 29 முதல் மார்ச் 30 வரை. 107 மட்டும். 3+2-1=4. ஏப்ரலில் 106 சேர்ந்தார், 102 கழிந்தார். 4+1-1=4. ஆறு மாதமும் பொருந்தியது. வெளியே தரும் அறிக்கையில் "மார்ச்சில் விலகியவர்கள் 2" என்று எழுதுவதில் தடையில்லை, அது வேறு நெடுவரிசை. பொருத்தம் பார்க்கும் நெடுவரிசை தனியாகவே இருக்கட்டும் என்று பிரித்து வைத்தோம்.

தேதி போலத் தெரியும் எழுத்து

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, ஒரு கிளையிலிருந்து அதே வடிவப் பட்டியல் வந்தது. ஃபார்முலாவைப் போட்டால் யாருமே விலகாத இடமாக இருந்தது. நம் மாதிரியை அதே நிலைமைக்கு உட்படுத்திக் காட்டுகிறேன். மாதத்தை முதலில் எழுதும் அமைப்பு உள்ள கணினியில் இந்தப் பட்டியலைத் திறந்தால், 14-02-2024 என்பதில் 14ஆம் மாதம் இல்லை என்பதால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். 06-05-2024 தயங்காமல் ஜூன் 5 ஆகிவிடும். நம் பட்டியலில் விலகிய நாட்கள் நான்கும் 12க்கு மேற்பட்ட தேதிகள், ஆகவே நான்கும் எழுத்து. எழுத்தை "<" எண்ணாது. 103இன் முதல் சேர்ந்த நாளும் எழுத்து. மீதி தேதிகள் நாளும் மாதமும் இடம் மாறி, 107 அக்டோபர் 3 அன்று சேரப்போகிறவர் ஆகிறார். ஆறு மாத விடை: 5, 5, 5, 5, 5, 6. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எக்ஸெல் தேதியை எண்ணாகவே வைத்திருக்கிறது. 2024 மார்ச் 31 என்பது 45382. அந்த செல்லை எண் வடிவத்துக்கு மாற்றினால் 45382 என்று தெரிய வேண்டும், தேதியாகவே நின்றால் அது எழுத்து. நெடுவரிசை முழுவதையும் சோதிக்க கவுண்ட், கவுண்ட்ஏ இரண்டையும் ஒப்பிட்டால் போதும். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது நிரம்பிய எல்லாவற்றையும் எண்ணும். கெட்டுப்போன படியில் விலகிய நெடுவரிசைக்கு 0, 4 என்று வந்தது. ஆனால் இந்தச் சோதனை எழுத்தாக நின்றவற்றை மட்டும்தான் பிடிக்கும். இடம் மாறி உண்மையான தேதியாகிவிட்டவற்றை எந்த ஃபார்முலாவும் பிடிக்காது. எழுத்து ஒன்று தென்பட்டாலே மற்றவை புரண்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, மூலக் கோப்பைத் திரும்ப வாங்கி, இறக்கும்போதே நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லி இறக்குவதுதான் வழி. புரண்டதைக் கையால் திருத்தப் போனால், எதைத் திருத்தினோம் எதை விட்டோம் என்பது தெரியாமல் போகும்.

தேதியோடு நேரமும் ஒட்டி வந்தால் இன்னொரு சறுக்கல். மார்ச் 31 காலை 9 மணிக்குச் சேர்ந்ததாக வருகைப் பதிவு சொன்னால் அது 45382.375. "<=45382" என்ற சோதனையில் அவர் தேறமாட்டார். சேர்ந்த பக்கத்தில் மட்டும் "<"&நாள்+1 என்று மாற்றினால் சரியாகிவிடும். விலகிய பக்கத்தில் மாற்றம் வேண்டாம், மார்ச் 31 மாலை 6.30க்குப் போனவர் அன்று இருந்தவராகவே எண்ணப்படுவார்.

வரிகளும் ஆட்களும்

ஜனவரி முதல் ஜூன் வரை மொத்தம் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று கேட்டால் ஃபார்முலா 8 என்கிறது. ஆட்கள் ஏழு பேர். 103க்கு இரண்டு வரிகள். ஒரே நாளின் கணக்கில் இது தெரியாது, ஏனென்றால் அவருடைய இரு காலங்களும் ஒன்றையொன்று தொடவில்லை. நீண்ட காலத்துக்குக் கேட்கும்போதுதான் வெளிவரும். அங்கே ஃபில்டரால் வரிகளைப் பிரித்து, யுனீக்கால் ஊழியர் எண்களைத் தனித்தனியாக்கி, வரிகளின் எண்ணிக்கையைத் தரும் ரோஸால் எண்ண வேண்டும். கவுண்ட்ஏவால் எண்ணக் கூடாது. எந்த வரியும் தேறாவிட்டால் ஃபில்டர் ஒரு பிழையைத் தரும், அந்தப் பிழையையே கவுண்ட்ஏ ஓர் ஆளாக எண்ணி 1 என்று சொல்லிவிடும்.

துறை மாற்றம் இதைவிடத் தொல்லை. ஒரு துறையின் கடைசி நாளும் அடுத்த துறையின் முதல் நாளும் ஒரே தேதியாக எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு நாள் மட்டும் அவர் இரண்டு பேர். மாதக் கடைசியில் மாற்றம் நடந்திருந்தால் அது நேராக அறிக்கையில் வந்து நிற்கும். உண்மையான பட்டியலில் அப்படிச் சில வரிகள் இருந்தன. பழைய துறையின் கடைசி நாளை ஒரு நாள் முந்தியதாக எழுதச் சொன்னோம்.

இப்போது அந்த ஷீட்டின் முதல் தாளில் நான்கு வரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது நெடுவரிசை கடைசிப் பணிநாள், அந்த நாள் பணிநாளாகவே எண்ணப்படும். ஆள் எண்ணிக்கை என்று மட்டும் எழுதக் கூடாது, "மாதக் கடைசியில்", "மாதத்தில் எப்போதாவது", "நாள் சராசரி" என்ற மூன்றில் ஒன்றைச் சேர்த்தே எழுத வேண்டும். சோதனைச் செல்கள் பூஜ்யமாக இருக்க வேண்டும். தொடக்கமும் வரவும் செலவும் மீதியும் பொருந்த வேண்டும். நிர்வாகப் பிரிவு தன் நெடுவரிசையின் தலைப்பை மாற்றிக்கொண்டது. தலைகீழ் தேதிச் சோதனை முதல் நாளே சில வரிகளைக் காட்டியது. அவற்றின் நியமனக் கடிதங்களை எடுத்துப் பார்த்துத் திருத்தும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை அந்த வரிகள் விழும் பழைய மாதங்களை வரைபடத்தில் விடுபட்ட கோடாகவே வைத்திருக்கிறோம்.